பசியைக் குறைக்கும் ஊசி மருந்துகளும் எடைக் குறைப்பும்: தசையையும் செரிமானத்தையும் பேணும் முறைகள்

உடல் பருமனுக்கும் இரண்டாம் வகை நீரிழிவு நோய்க்கும் வாரம் ஒரு முறை செலுத்தப்படும் செமாக்ளூடைட், டிர்ஸெபடைட் ஆகிய ஊசி மருந்துகள் தற்போது பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன. எடைக் குறைப்புக்கு உரிய அளவுகளில் இவ்விரண்டும் 2025-ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் கிடைக்கின்றன. மருத்துவரின் மேற்பார்வையில் முறையாகப் பயன்படுத்தினால், உணவுக் கட்டுப்பாட்டினால் மட்டும் எடை குறையாத பலருக்கு இவை நல்ல பலனைத் தருகின்றன.

எனினும், இம்மருந்துகள் பசியைக் குறைக்கின்றனவே தவிர, உடலின் ஊட்டத் தேவையைக் குறைப்பதில்லை. பசி இல்லாத காரணத்தால் உணவைப் பெருமளவு குறைத்துக்கொள்பவரின் உடலில் கொழுப்புடன் சேர்ந்து தசையும் கரைகிறது, செரிமானமும் பாதிக்கப்படுகிறது. இவ்விரண்டையும் தடுக்க நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் செய்யக்கூடியவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

மருந்து எவ்வாறு செயல்படுகிறது?

நாம் உண்ணும்போது சிறுகுடலிலிருந்து ஜிஎல்பி-1 என்னும் இயக்குநீர் சுரக்கிறது. அது மூளைக்கு 'போதும்' என்னும் உணர்வை அளிக்கிறது. இரைப்பையிலுள்ள உணவு குடலுக்குச் செல்லும் வேகத்தைக் குறைக்கிறது. உணவுக்குப் பின் இன்சுலின் சுரப்பைக் கூட்டுகிறது. இயற்கையாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 சில நிமிடங்களில் சிதைந்துவிடும். செமாக்ளூடைட் அதே பணியை ஒரு வாரத்திற்கும் மேலாகச் செய்யுமாறு வடிவமைக்கப்பட்டுள்ளது. டிர்ஸெபடைட் இத்துடன் ஜிஐபி என்னும் மற்றொரு குடல் இயக்குநீரின் பணியையும் செய்கிறது.

மருந்தின் பயனும் தொல்லையும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன என்பதை இதனால் அறியலாம். உணவு இரைப்பையில் நெடுநேரம் தங்குவதால் வயிறு விரைவில் நிறைந்துவிடுகிறது. அதே காரணத்தால், வழக்கமான அளவு உண்டால் குமட்டல், ஏப்பம், நெஞ்செரிச்சல், வாந்தி ஆகியவை ஏற்படுகின்றன. 2021-ஆம் ஆண்டில் வெளியான ஸ்டெப்-1 ஆய்வில், 2.4 மில்லிகிராம் செமாக்ளூடைட் பெற்றவர்களுள் 44 விழுக்காட்டினருக்குக் குமட்டலும், ஏறத்தாழ 23 விழுக்காட்டினருக்கு மலச்சிக்கலும் இருந்தன. இவை பெரும்பாலும் மருந்தளவு கூட்டப்படும் வாரங்களில் தோன்றிப் படிப்படியாகத் தணிகின்றன. இதனால்தான் மருந்து மிகக் குறைந்த அளவில் தொடங்கப்பட்டு, குறைந்தது நான்கு வாரங்களுக்கு ஒரு முறை மட்டுமே கூட்டப்படுகிறது. விரைவில் மெலிய வேண்டும் என்று தாமாகவே அளவைக் கூட்டிக்கொள்ளக் கூடாது.

குறைவது கொழுப்பு மட்டுமா?

எடை பார்க்கும் கருவி எத்தனை கிலோ குறைந்தது என்பதை மட்டுமே காட்டும். குறைந்தது எது என்பதைக் காட்டாது. எம்முறையில் எடை குறைந்தாலும், கொழுப்புடன் கொழுப்பல்லாத திசுவும் ஓரளவு குறைகிறது. இம்மருந்துகளைப் பற்றிய ஆய்வுகளில், குறைந்த எடையில் ஏறத்தாழ 25 முதல் 40 விழுக்காடு வரை கொழுப்பல்லாத திசுவாக இருந்தது. இதில் நீரும் பிற உறுப்புகளின் திசுவும் அடங்கும் என்றாலும், தசையும் ஒரு முக்கியப் பங்காகும்.

தசை நடப்பதற்கும் பொருள்களைத் தூக்குவதற்கும் மட்டும் பயன்படுவதன்று. உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவு ஏற்றுக்கொள்வது தசையே. ஓய்வு நேரத்திலும் அது ஆற்றலைச் செலவிடுகிறது. முதியவர்களைக் கீழே விழாமல் காப்பதும் அதுவே. தசை குன்றினால் களைப்பும், சர்க்கரைக் கட்டுப்பாட்டில் பின்னடைவும், விழுந்து எலும்பு முறியும் இடரும் கூடுகின்றன.

இந்தியர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். ஒரே எடையும் உயரமும் கொண்ட ஐரோப்பியரோடு ஒப்பிடும்போது இந்தியர்களின் உடலில் பொதுவாகக் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் உள்ளன. இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 25-ஐ எட்டினாலே உடல் பருமன் எனக் கொள்ளப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். தொடக்கத்திலேயே குறைவாக உள்ள தசையை இழப்பது பெரிய இழப்பாகும்.

கஞ்சியும் இரசச் சோறும் மட்டும் போதுமா?

வயிறு சரியில்லாதவருக்குக் கஞ்சி, இரசச் சோறு, ரொட்டி, தேநீருடன் பிஸ்கட் ஆகியவற்றைக் கொடுப்பது நம் இல்லங்களின் வழக்கம். இரண்டு நாள் காய்ச்சலுக்கு இது பொருந்தும். ஆனால் இம்மருந்துகளால் ஏற்படும் பசியின்மை பல மாதங்கள் நீடிக்கக்கூடியது. அத்தனை மாதங்களும் இத்தகைய உணவையே உண்டால், உடலுக்கு மாவுச்சத்து மட்டுமே கிடைக்கும். தசைக்குத் தேவையான புரதம் கிடைக்காது.

நலமுடன் உள்ள வயது வந்தோருக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. எடையைக் குறைத்துக்கொண்டிருக்கும்போது தசையைக் காக்க இதனினும் சற்றுக் கூடுதலாக, ஒரு கிலோவிற்கு 1 முதல் 1.5 கிராம் வரை மருத்துவர்கள் பொதுவாகப் பரிந்துரைக்கின்றனர். இதைத் தற்போதைய எடைக்கன்றி, உயரத்திற்கு ஏற்ற எடைக்குக் கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு ஏற்ற எடை ஏறத்தாழ 56 கிலோ. கிலோவிற்கு 1.2 கிராம் எனக் கொண்டால், அவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 67 கிராம் புரதம் தேவை.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனையின்றிப் புரதத்தைக் கூட்டக் கூடாது.

பொதுவான உணவுகளில் உள்ள புரதத்தின் தோராயமான அளவு:

- முட்டை ஒன்று: 6 கிராம்
- பால் 200 மி.லி.: 6 கிராம்
- சமைக்காத பருப்பு அல்லது பயறு 30 கிராம்: 7 கிராம்
- கொண்டைக்கடலை 30 கிராம்: 6 கிராம்
- நிலக்கடலை 30 கிராம்: 7 கிராம்
- பனீர் 50 கிராம்: 9 கிராம்
- உலர்ந்த சோயா உருண்டை 25 கிராம்: 13 கிராம்
- மீன் அல்லது கோழிக்கறி 100 கிராம்: 18 முதல் 20 கிராம்
- இட்லி ஒன்று: 2 கிராம்

மூன்று இட்லியில் கிடைக்கும் புரதம் ஒரு முட்டையில் கிடைத்துவிடுகிறது என்பதை இப்பட்டியல் காட்டுகிறது. குறைவாகவே உண்ண முடியும் என்ற நிலையில், எதை முதலில் உண்பது என்பது முக்கியமாகிறது. தட்டில் முதலில் முட்டை, மீன், பருப்பு அல்லது பனீர். அடுத்து வெந்த காய்கறி. கடைசியில் சோறு அல்லது இட்லி என்னும் வரிசையைப் பின்பற்றலாம். வயிறு பாதியிலேயே நிறைந்துவிட்டாலும் தேவையானது உள்ளே சென்றிருக்கும்.

ஒரு நாள் உணவுக்கு ஓர் எடுத்துக்காட்டு

- காலை: இரண்டு முட்டை, ஒரு இட்லி, சிறிது சாம்பார்
- முற்பகல்: ஒரு குவளை பால் அல்லது ஒரு கிண்ணம் தயிர்
- நண்பகல்: மீன் 100 கிராம், கீரைக் கூட்டு, அரைக் கிண்ணம் சோறு
- மாலை: ஒரு சிறு கிண்ணம் சுண்டல்
- இரவு 7 மணியளவில்: ஒரு அடை, சற்று நேரம் கழித்து ஒரு குவளை பால்

இதில் மொத்தம் சுமார் 65 கிராம் புரதம் கிடைக்கும். சைவ உணவு உண்போர் காலையில் முட்டைக்கு மாற்றாகப் பாசிப்பயறு தோசையும் பனீரும், நண்பகலில் மீனுக்கு மாற்றாகப் பருப்பும் சோயா உருண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். திட உணவு இறங்காத நாள்களில் மோர், பால், நன்கு வேகவைத்து மசித்த பாசிப்பருப்பு ஆகியவற்றைச் சிறிது சிறிதாக அருந்தலாம். கஞ்சிதான் இறங்கும் என்றால், அதில் பாசிப்பருப்போ பாலோ சேர்த்துக் காய்ச்ச வேண்டும்.

நாள் முழுவதும் உண்ணாதிருக்கும் விரதங்களை இச்சிகிச்சைக் காலத்தில் மருத்துவரைக் கலந்தே மேற்கொள்ள வேண்டும்.

தசைக்கு வேலை கொடுத்தல்

புரதம் கட்டுமானப் பொருள் போன்றது. தசை வேலை செய்தால்தான் உடல் அப்பொருளைத் தசைக்குப் பயன்படுத்தும். நடைப்பயிற்சி இதயத்திற்கு நல்லது. வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் நடப்பது நன்று. ஆயினும் தசையைக் காக்க நடை மட்டும் போதாது. எடையையோ எதிர்ப்பையோ தாங்கிச் செய்யும் பயிற்சிகளை வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று நாள்கள் செய்ய வேண்டும்.

இதற்கு உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. வீட்டில் பின்வருவனவற்றைச் செய்யலாம்:

- கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல்
- சுவரில் கைகளை ஊன்றி உடலை முன்னும் பின்னும் தள்ளுதல்
- தண்ணீர் நிரம்பிய அரை லிட்டர் அல்லது ஒரு லிட்டர் புட்டிகளை இரு கைகளாலும் தூக்கி இறக்குதல்
- நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குதல்

ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை செய்து, சிறிது ஓய்வுக்குப் பின் மீண்டும் ஒரு சுற்று செய்யலாம். மூச்சை அடக்காமல் செய்ய வேண்டும். இதய நோய், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், மூட்டு நோய் உள்ளவர்கள் மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ கேட்டபின் தொடங்க வேண்டும்.

குமட்டலும் நெஞ்செரிச்சலும்

- மூன்று பெரிய வேளைகளுக்குப் பதிலாக ஐந்து அல்லது ஆறு சிறு வேளைகளாக உண்ண வேண்டும். சிறிய தட்டைப் பயன்படுத்துவது உதவும்.
- மெதுவாக, நன்கு மென்று உண்ண வேண்டும். 'போதும்' என்னும் முதல் உணர்விலேயே நிறுத்திவிட வேண்டும். தட்டில் மீதியுள்ளதை வீணாக்கக் கூடாது என்று உண்பதே பலருக்கு வாந்தியை வரவழைக்கிறது.
- கொழுப்பு இரைப்பையை மேலும் மந்தமாக்கும். எனவே பூரி, வடை, பிரியாணி, எண்ணெய் மிகுந்த குழம்பு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். மருந்தளவு கூட்டப்பட்ட வாரத்தில் சிறப்பாகத் தவிர்க்க வேண்டும்.
- உணவுடன் அதிக நீர் அருந்தாமல், வேளைகளுக்கு இடையில் அருந்த வேண்டும். வாயு நிறைந்த குளிர்பானங்களைத் தவிர்க்க வேண்டும்.
- உண்டபின் இரண்டு மணி நேரமேனும் படுக்கக் கூடாது.

இவற்றால் தணியாத குமட்டலை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அவர் மருந்தளவைக் கூட்டுவதைத் தள்ளிவைக்கலாம், அல்லது முந்தைய அளவுக்குக் குறைக்கலாம். தொல்லையைத் தாங்கிக்கொண்டு உண்ணாமல் இருப்பது சிகிச்சையின் நோக்கமன்று.

மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும்

உணவின் அளவு குறைவதாலும், நீர் குறைவாக அருந்துவதாலும், குடல் இயக்கம் மந்தமாவதாலும் மலச்சிக்கல் ஏற்படுகிறது. பசியைப் போலவே தாகமும் சிலருக்குக் குறைவதால், தாகம் எடுக்கும் வரை காத்திராமல் நேரம் வகுத்து நீர் அருந்த வேண்டும். பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் அளவு பொருந்தும். கோடையிலும் வெயிலில் பணிபுரியும்போதும் கூடுதலாகத் தேவைப்படும். இதயச் செயலிழப்பும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் மருத்துவர் குறித்த அளவையே பின்பற்ற வேண்டும்.

நார்ச்சத்தைத் திடீரெனக் கூட்டினால் வயிறு உப்பும். அவரை, பீன்ஸ், வாழைத்தண்டு, கீரை ஆகியவற்றை நன்கு வேகவைத்துச் சிறிதளவில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். கொய்யா, பப்பாளி ஆகிய பழங்களும் உதவும். இசப்கோல் உமியை மருத்துவர் பரிந்துரைத்தால், போதிய நீருடன் மட்டுமே உட்கொள்ள வேண்டும். நீர் குறைந்தால் அதுவே அடைப்பை உண்டாக்கலாம்.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ ஏற்பட்டால் உப்பு-சர்க்கரைக் கரைசலை அடிக்கடி சிறிது சிறிதாக அருந்த வேண்டும். நீரிழப்பு கடுமையானால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சிறுநீர் அடர் மஞ்சளாகவும் குறைவாகவும் போவது, எழுந்து நிற்கையில் தலைசுற்றுவது ஆகியவை நீரிழப்பின் அடையாளங்கள்.

எலும்பு, முடி, தோல்

எடை குறையும்போது எலும்பின் அடர்த்தியும் ஓரளவு குறையலாம். மாதவிடாய் நின்ற பெண்களும் முதியவர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும். பால், தயிர், கேழ்வரகு, முருங்கைக்கீரை, முள்ளுடன் உண்ணும் சிறு மீன்கள் ஆகியவற்றில் சுண்ணாம்புச்சத்து உள்ளது. மேற்கூறிய தசைப் பயிற்சிகள் எலும்புக்கும் வலுவூட்டுகின்றன. வைட்டமின் டி, வைட்டமின் பி12, இரும்புச்சத்து ஆகியவற்றின் அளவைப் பரிசோதிப்பது பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். சைவ உணவு உண்போருக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாளாக உட்கொள்வோருக்கும் பி12 குறைபாடு ஏற்படும் வாய்ப்பு மிகுதி.

எடை வேகமாகக் குறைந்து இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடி கொட்டலாம். இது பெரும்பாலும் தற்காலிகமானது. எடை நிலைபெற்று உணவு சீரானபின் முடி மீண்டும் வளரும். தோல் தளர்வது எடை குறைந்த அளவையும் வயதையும் பொறுத்தது. படிப்படியாக எடை குறைவதும், தசையைக் காத்துக்கொள்வதும் அதனை ஓரளவு மட்டுப்படுத்தலாம்.

பராமரிப்போர் கவனிக்க வேண்டியவை

எடை குறைவதைக் கண்டு மகிழும் நோயாளி, தம் வலிமை குறைவதை உணராமல் இருக்கலாம். உடனிருப்போரே இதனை முதலில் காண இயலும். மாதம் ஒரு முறை எளிய சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமரச் சொல்லி நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதியவர்களுக்கு விழாதபடி அருகில் நிற்க வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆவது தசை வலிமை குன்றியதன் அடையாளமாக இருக்கலாம் என்பது ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019-இல் வகுத்த அளவுகோல். மாதந்தோறும் நேரம் கூடிக்கொண்டே சென்றால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மாடிப்படி ஏறத் தடுமாறுதல், தண்ணீர்க் குடத்தைத் தூக்க இயலாமை, நாள் முழுதும் படுத்தே இருத்தல் ஆகியவற்றை 'எடை குறைந்ததால் வந்த சோர்வு' என்று விட்டுவிடக் கூடாது. அதே வேளையில், 'இன்னும் ஒரு வாய்' என்று வற்புறுத்தி ஊட்டுவதும் கூடாது. சிறிய அளவில், புரதம் மிகுந்த உணவை, அடிக்கடி கொடுப்பதே உண்மையான உதவியாகும்.

உடனடியாக மருத்துவ உதவி பெற வேண்டிய அறிகுறிகள்

- மேல்வயிற்றில் தோன்றி முதுகுக்குப் பரவும், விடாத கடும் வலி: இது கணைய அழற்சியாக இருக்கலாம்.
- வலது விலாவின் கீழ் வலி, காய்ச்சல், கண் மஞ்சளாதல்: இவை பித்தப்பைக் கல்லால் ஏற்படலாம். வேகமான எடை இழப்பு பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பைக் கூட்டுகிறது.
- ஒரு நாள் முழுவதும் நீர்கூடத் தங்காத வாந்தி.
- வயிறு உப்பி, மலமும் வாயுவும் வெளியேறாமை.
- வியர்வை, நடுக்கம், குழப்பம்: இவை தாழ் சர்க்கரையின் அடையாளங்கள்.
- திடீரெனப் பார்வை மங்குதல்.

அவசர நிலையில் 108 எண்ணை அழைத்து ஆம்புலன்ஸ் உதவி பெறலாம்.

மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்க வேண்டியவை

இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ பயன்படுத்துவோருக்கு, உணவு குறையும்போது தாழ் சர்க்கரை ஏற்படலாம். அவற்றின் அளவை மருத்துவர் மாற்றியமைக்க வேண்டியிருக்கும். இரத்த அழுத்த மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். தமக்கோ குடும்பத்தினருக்கோ மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்கள் இம்மருந்துகளைப் பயன்படுத்தக் கூடாது. கருவுற்றிருப்போரும் பயன்படுத்தக் கூடாது. கருத்தரிக்கத் திட்டமிடுவோர் செமாக்ளூடைட் மருந்தை இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். டிர்ஸெபடைட் கருத்தடை மாத்திரைகளின் பலனைக் குறைக்கக்கூடும் என்பதால், மாற்று முறை பற்றிக் கேட்டறிய வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து கொடுப்பவரிடம் இவ்வூசியைப் பற்றிக் கூற வேண்டும். இரைப்பையில் உணவு எஞ்சியிருந்தால் அது நுரையீரலுக்குள் செல்லும் இடர் உண்டு.

மருந்தை நிறுத்தினால்

ஸ்டெப்-1 ஆய்வின் தொடர்ச்சியில், மருந்தை நிறுத்தியவர்கள் ஓராண்டிற்குள் குறைந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றனர். திரும்ப வரும் எடையில் பெரும்பகுதி கொழுப்பாகவே அமையலாம். இழந்த தசை தானாக மீள்வதில்லை. தசையை இழந்து, பின் கொழுப்பை மட்டும் பெறுபவர், எடைக் கருவியில் பழைய எண்ணையே கண்டாலும் முன்னைவிட வலுவிழந்த நிலையில் இருப்பார். ஆகவே மருந்தைத் தொடங்கும் நாளிலேயே புரத உணவையும் தசைப் பயிற்சியையும் தொடங்க வேண்டும். மருந்து நின்றாலும் தொடர வேண்டியவை இவையே.

அடுத்த முறை மருத்துவரைச் சந்திக்கும்போது, எத்தனை கிலோ குறைந்தது என்பதுடன், நாளொன்றுக்கு எவ்வளவு புரதம் உண்ண முடிகிறது, மலம் எத்தனை நாளுக்கு ஒரு முறை கழிகிறது, நாற்காலியிலிருந்து எழ எத்தனை வினாடி ஆகிறது என்னும் மூன்றையும் எழுதி எடுத்துச் செல்லவும். சிகிச்சை சரியான வழியில் செல்கிறதா என்பதை மருத்துவர் அறிய அவை உதவும்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். தங்கள் உடல்நிலைக்கு ஏற்ற மருந்தளவையும் உணவையும் மருத்துவரும் உணவியல் வல்லுநரும் முடிவு செய்வர். இம்மருந்துகளை மருத்துவரின் சீட்டின்றியோ, உரிமம் பெறாத விற்பனையாளரிடமோ வாங்க வேண்டாம்.